நிஜக் கிழக்கு யு.கே.ஜி. போர்ஷன்

யுவஸ்ரீயின் சட்டையில் அன்று மத்தியானம் ஒரு சிவப்பு அட்டை குத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் அவள் அப்பா சென்றாயன் பிள்ளையைக் கிட்டே இழுத்து நிறுத்தினான். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் அவன் எட்டு வருஷமாக ஓட்டும் மெஷினிலிருந்து அளவு தப்பிய பாகம் விழுந்தால் இதே மாதிரி சிவப்பு அட்டையைக் கட்டித் தனிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டி நிறைந்ததும் பழைய இரும்புக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான்.

அட்டையைத் திருப்பிப் படித்தான். “பெயர்: யுவஸ்ரீ, எல்.கே.ஜி. குறைபாடு: கிழக்கு. நிலை: நிறுத்திவைப்பு.”

“பாப்பா, ஸ்கூல்ல என்னா பண்ண?”

“ஒண்ணும் பண்ணலப்பா. சூரியன் எங்க வரும்னு மிஸ்ஸு கேட்டாங்க. காட்டுனேன்.”

“எங்க காட்டுன?”

“சூரியன.”

அவன் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பள்ளியின் பெயர் அட்லஸ் மொட்டுகள் இன்டர்நேஷனல் பிரீ-ஸ்கூல். அதை நடத்தும் சிவராஜ், பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் அவரோடு இருந்தவர்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் வாங்கி ரோஜா போட்டார்கள். சிவராஜ் யோசித்தார். பிரேக் டிரம்மையே பத்து லட்சத்துக்கு மூன்று குறை என்கிற கணக்கில் கொண்டுவர முடிந்தபோது, குழந்தையைக் கொண்டுவர முடியாதா? எந்தப் பாடம் என்று பார்த்தார். கணக்குக்கு ஆள் இருந்தது, இங்கிலீஷுக்கு ஆள் இருந்தது, கராத்தேக்குக்கூட இருந்தது. பூகோளம் மட்டும் கேட்பாரில்லாமல் கிடந்தது. எடுத்துக்கொண்டார்.

ஊரெல்லாம் ஏ ஃபார் ஆப்பிள் என்றால் அங்கே ஏ ஃபார் அண்டார்டிகா. மூன்று வயதில் சேரும் பிள்ளை முதல் மாதம் ஏழு கண்டம், இரண்டாம் மாதம் ஐந்து பெருங்கடல், தீபாவளிக்குள் பாலைவனங்கள் என்று முன்னேறும். கக்கூஸ் எந்தப் பக்கம் என்பது பாடத்திட்டத்தில் இல்லை. அதனால் மங்கோலியாவின் தலைநகரைப் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டே கால்சட்டையை நனைத்த பிள்ளைகள் அங்கே நிறைய. ஒப்பித்தது சரியாக இருந்தால் பச்சை அட்டை உண்டு. கால்சட்டை வேறு துறை.

சென்றாயன் பூகோளத்துக்காகப் பிள்ளையை அங்கே சேர்க்கவில்லை. சேர்த்த காரணம், அது காலை ஐந்தரைக்குத் திறக்கும். ராத்திரி ஷிப்டு, பகல் ஷிப்டு எது மாறினாலும் வேன் அதற்கேற்ப வாசலுக்கு வரும். அவனுக்கு ஒரு ஷிப்டு, போன் பாகம் பூட்டும் கம்பெனியில் அவன் மனைவி முனிலட்சுமிக்கு ஒரு ஷிப்டு. இரண்டு ஷிப்டுக்கும் நடுவே பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ள ஓசூரில் வேறு நாதியில்லை. சொந்த ஊர் பேரிகையிலிருந்து யாரையாவது கொண்டுவந்து வைக்கலாமென்றால், அங்கேயும் ஆளாளுக்கு ஒரு கம்பெனி பஸ். வரும் ஜூனில் யுவஸ்ரீக்கு யு.கே.ஜி. சீட் கிடைக்காவிட்டால் இருவரில் ஒருவர் வேலையை விட வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை இருவரும் பேசிக்கொண்டதில்லை. முனிலட்சுமிக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனான். பூகோள ஒருங்கிணைப்பாளர் பிரியதர்ஷினி மிஸ் அவனை உட்காரவைத்து ஒரு தாளை நீட்டினார்.

“ஒய்-ஒய் அனாலிசிஸ், சார். உங்க கம்பெனியில இருக்குமே. அஞ்சு தடவை ஏன், ஏன்னு கேட்டா மூல காரணம் வந்துரும். பேரன்ட்ஸ்தான் நிரப்பணும்.”

சென்றாயன் நிரப்பினான். குழந்தை ஏன் அந்தப் பக்கம் காட்டியது? சூரியன் அங்கே இருந்ததால். சூரியன் ஏன் அங்கே இருந்தது? உதித்ததால். ஏன் அங்கே உதித்தது? அங்கேதான் கிழக்கு இருப்பதால்.

மிஸ் மூன்றாவது பதிலைச் சிவப்பு மையால் அடித்தார். “சார், மூல காரணம் பேரன்ட்ஸத் தாண்டிப் போகக் கூடாது. எங்க சிஸ்டம் அப்படி.”

“அப்ப நான் என்னா எழுதட்டும்?”

“வீட்டுல யாராவது சூரியனக் காட்டியிருக்கீங்களா? யோசிச்சுப் பாருங்க.”

அவன் யோசித்தான். முனிலட்சுமிக்கு ராத்திரி ஷிப்டு முடியும் நாட்களில் கம்பெனி பஸ் ஆறரைக்குச் சூளகிரி ரோட்டிலிருந்து வரும். அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்பான். பஸ்ஸும் சூரியனும் ஒரே பக்கமிருந்து வரும். “காட்டியிருக்கோம், மிஸ்,” என்றான், திருட்டை ஒப்புக்கொள்பவன் மாதிரி.

“அதான் மூல காரணம்,” என்று மிஸ் ஆறுதலாகச் சொன்னார். “எழுதுங்க. ‘அனுமதியின்றி வீட்டில் சூரியனைக் காட்டியதால்.’”

உண்மையில் சூரியன் மேல் தப்பு எதுவுமில்லை. பள்ளி முதலில் சாலைக்குத் தென்புறம், வடக்குப் பார்த்த சின்னக் கட்டிடத்தில் இருந்தது. அப்போது சிவராஜ் எழுதிய செயல்முறைக் கையேட்டில், “வாசலில் நுழைந்ததும் இடது கைப்பக்கச் சுவர்: கிழக்கு” என்று போட்டு, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தியிருந்தார். அங்கே அது சரிதான். பிறகு பிள்ளைகள் பெருகி, எதிர்ப்பக்கம் பெரிய கட்டிடத்துக்கு மாறினார்கள். இதற்குத் தெற்குப் பார்த்த வாசல். ஊழியர்கள் கையேட்டைப் பிரித்தார்கள், வாசலில் நுழைந்தார்கள், இடது கைப்பக்கச் சுவரில் கிழக்கை மாட்டி ஆணியடித்தார்கள். மேற்குப் பலகை வலது சுவரில், காலை வெயில் சொரியும் ஜன்னலுக்கு மேலே ஏறியது. பள்ளியைப் பொறுத்தவரை, சாலையைத் தாண்டும்போது திரும்பிக்கொண்டது பூமிதான்.

சென்றாயனுக்கு இது வாசலில் செருப்பைப் போடும்போதே புரிந்துவிட்டது. ஒரே நிமிஷ வேலை, நாலு ஆணி. சொல்லிவிடலாம் என்று நம்பிக்கையோடு சிவராஜின் அறைக்குப் போனான்.

“சார், போர்டு மாறி இருக்குது, சார். காலையில சூரியன் இந்தப் பக்கமா வருதுங்க.”

சிவராஜ் சிரித்தார். இருபத்தெட்டு வருஷம் ஆபரேட்டர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

“உக்காருப்பா. நீ மெஷின் ஓட்டறவன், உனக்கு ஈஸியா புரியும். அளக்கற கேஜ் ஒரு அளவு சொல்லுது, உன் கண்ணு ஒரு அளவு சொல்லுது. எதை எழுதுவ?”

“கேஜ் சொல்றதைத்தான், சார்.”

“கரெக்ட். போர்டுதான் கேஜ். போர்டுக்கு நம்பர் இருக்கு, தேதி இருக்கு, என் கையெழுத்து இருக்கு. சூரியனுக்கு என்ன இருக்கு? டிசம்பர்ல ஒரு எடத்துல உதிக்குது, ஜூன்ல ஒரு எடத்துல உதிக்குது. மழை நாள்ல ஆளே காணோம். இப்படி ஒரு சப்ளையர என் சர்வீஸ்ல ஒரே மாசத்துல துரத்தியிருப்பேன். என் போர்டு, மாட்டின நாள்லேருந்து ஒரு இன்ச்சு நகர்ந்திருக்கா?”

“இல்லீங்க சார்.”

“அதுதான் தரம்.”

சென்றாயன் தலையைச் சொறிந்தான். “ஆணியப் புடுங்கி மாத்திட்டா தீந்துரும்ல, சார்? வேணும்னா நானே வந்து...”

சிவராஜின் முகம் மாறியது. “மாத்தலாம்ப்பா. இந்தக் கிழக்கப் படிச்சு அறுபத்திநாலு பிள்ளைங்க வெளிய போயிருக்கு. அதையெல்லாம் திருப்பிக் கூப்பிட்டுச் சரிபண்ண முடியுமா? மார்க்கெட்டுல என் பேர் என்ன ஆவறது? குழந்தைங்களோட எதிர்காலம்னு ஒண்ணு இருக்கு, அதையும் யோசிக்கணும்.”

“அப்ப நெஜமான கிழக்க எப்பத்தான் சார் சொல்லிக்குடுப்பீங்க?”

சிவராஜ் பிரியதர்ஷினி மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நிஜக் கிழக்கு யு.கே.ஜி. போர்ஷன், சார். எல்.கே.ஜி.க்குப் போர்டு கிழக்கு மட்டும்தான். உங்க பாப்பா போர்ஷனத் தாண்டிப் போயிருக்கு. அதனாலதான் யு.கே.ஜி.க்கு அனுப்ப முடியல.”

அன்றிலிருந்து யுவஸ்ரீ, குறையுள்ள பிள்ளைகளைத் திருத்தும் மறுவேலை பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். மாதேஷ், எந்தக் கண்டத்தில் வசிக்கிறாய் என்ற கேள்விக்கு ‘ஹவுசிங் போர்டு’ என்றவன். அஸ்வின், அத்திப்பள்ளியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருபவன். எந்த மாநிலம் என்று கேட்டதற்குக் ‘காலையில கர்நாடகா, மத்தியானம் தமிழ்நாடு’ என்றவன். மூன்று பேரும் நன்றாகப் பழகிக்கொண்டார்கள். மறுவேலைக்கு வந்த பிள்ளைகள் பேசிக்கொள்ளக் கூடாது, குறை ஒட்டிக்கொள்ளும் என்று பிறகு ஆளுக்கொரு மூலை கொடுத்தார்கள்.

குழப்பத்தின் வேரையே பிடுங்கவென்று வலது சுவர் ஜன்னல்களுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தார்கள். இடது சுவரில் கிழக்குப் பலகைக்கு மேலே ஒரு டியூப் லைட்டைப் பூட்டி, அதற்குக் கீழே ‘சூரியன்’ என்று எழுதினார்கள். தினமும் ஒன்பது மணிக்கு ஆயா சுவிட்சைப் போடுவார், பிள்ளைகள் கைதட்டி, “சன் ரைஸ்!” என்று கத்துவார்கள். சூரியன் உதிப்பதற்கு முன் நாலைந்து முறை மினுக்கும். ஒரு நாள் பத்தரைக்குக் கரண்ட் போனது. பிரியதர்ஷினி மிஸ் கொஞ்சமும் தயங்காமல் சூரிய கிரகணம் நடத்திவிட்டார்.

வீட்டில் சென்றாயன் பிள்ளைக்குப் பாடம் எடுத்தான்.

“பாப்பா, ஸ்கூல்ல கேட்டா போர்டு இருக்கற பக்கம் காட்டு. சரியா?”

“வூட்ல?”

“வூட்ல இந்தப் பக்கம். அம்மா பஸ்ஸு வருதுல்ல, அந்தப் பக்கம்.”

“வேன்ல?”

ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த முனிலட்சுமி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வேன்ல டிரைவரக் கேட்டுச் சொல்லச் சொல்லு,” என்றாள். “ஏன்யா, நாலு வயசுப் புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுக்க நீ லீவு வேற போடறியா? ஓசியிலயே கத்துக்கும், விடு.”

“சீட்டு போயிடும் லட்சுமி. அப்பறம் நீதான் வேலைய...”

“தெரியுது. ‘நீதான்’னு வாயி தானா வருது பாரு.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். சென்றாயன் கதவைச் சாத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தான். “ஸ்கூல்ல எந்தப் பக்கம், பாப்பா?” பத்து நாளில் பிள்ளை தேறிவிட்டது. சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது கேட்டால்கூட, “ஸ்கூல் கிழக்கா, நெஜக் கிழக்கா?” என்று விசாரித்துக்கொண்டுதான் கையை நீட்டியது.

மார்ச் கடைசியில் பள்ளிக்குத் தரச் சான்று தர பெங்களூரிலிருந்து ஆடிட்டர் மேடம் வருவதாக ஏற்பாடு. அதற்காகச் சிவராஜ் ‘சூரியோதயப் பெருவிழா’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். முப்பத்தேழு பிள்ளைகளும் பெற்றோரும் காலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தில் கூட வேண்டும். கிழக்குப் பலகையை மைதானத்தின் இடது காம்பவுண்டுச் சுவரில் மாட்டி, மாலை போட்டார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து வரிசையாக நின்று, சூரியன் உதிக்கும்போது வரவேற்புப் பாட்டு பாட வேண்டும். அதோடு நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் அன்றே கடைசிச் சோதனை. தேறினால் யு.கே.ஜி.

முனிலட்சுமி ராத்திரி ஷிப்டில் கடைசி ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு நேராக அங்கேயே வந்துவிட்டாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. சென்றாயன் பக்கத்தில் நின்று, “எந்தப் பக்கம் சாமி கும்பிடணும்?” என்று கேட்டாள்.

“கம்முனு இரு.”

ஆறே காலுக்கு எல்லாம் தயார். ஆடிட்டர் மேடம் மட்டும் அத்திப்பள்ளி டோல்கேட் வண்டி வரிசையில் மாட்டிக்கொண்டார். ஆறரைக்குப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால், காலி மனைக்கு அப்பாலிருந்த தென்னைகளுக்கு நடுவே சூரியன் தன்பாட்டுக்கு மேலே வந்தது. யாரும் திரும்பவில்லை. சிவராஜ் மைக்கைத் தட்டினார்.

“பெற்றோர்களுக்கு ஒரு அறிவிப்பு. தலைமை விருந்தினர் வந்து சேராத காரணத்தினால் சூரியோதயம் ஏழரை மணிக்கு ஒத்திவைக்கப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

பெற்றோர்கள் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு கைதட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் சூப்பர்வைசர்கள்.

ஏழே முக்காலுக்கு ஆடிட்டர் மேடம் வந்து இறங்கினார். கையில் ஒரு பட்டியல், காதில் போன். சிவராஜ் பேசினார். “எங்களிடம் வரும் மூலப்பொருள், அதாவது குழந்தை, பல தரத்தில் வருகிறது. சில குழந்தைகள் யோசித்துக்கொண்டே வருகின்றன. சில கேள்வி கேட்டுக்கொண்டே வருகின்றன. வெளியே போகும்போது எல்லாம் ஒரே அளவு. இங்கே படித்த பிள்ளை உலகத்தின் எந்த மூலையில் கொண்டுபோய் விட்டாலும், வாசலில் நுழைந்து இடது கைப்பக்கம் கிழக்கு என்று சொல்லும்.”

சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினார். பின்னாலிருந்து அடித்த வெயிலில் சுவர் தகதகவென்று மின்னியது. முப்பத்தேழு சின்ன நிழல்கள் கிழக்குப் பலகைக்குக் கீழே வரிசையாக விழுந்திருந்தன.

“பாருங்கள் மேடம், கிழக்கு வெளுத்துவிட்டது!”

“சென்னாகிதே,” நன்றாயிருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லி ஆடிட்டர் மேடம் பட்டியலில் ஒரு டிக் போட்டார். பாட்டு முடிந்ததும் சோதனை. நிறுத்திவைத்தவர்களில் ஒருத்தியைச் சாம்பிளுக்கு எடுத்தார். யுவஸ்ரீ.

“ஈஸ்ட் எங்கே, பாப்பா?”

பிள்ளை சென்றாயனைப் பார்த்தது. பிறகு கை மெதுவாக எழுந்து, மாலை போட்ட பலகையைக் காட்டியது. பிரியதர்ஷினி மிஸ் கண்ணை மூடித் திறந்தார். சிவராஜ் சட்டைப் பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்தார். சீட்டு வந்துவிட்டது. முனிலட்சுமியின் வேலை தப்பித்தது.

ஆடிட்டர் மேடத்துக்குப் பிள்ளையைப் பிடித்துவிட்டது. பட்டியலில் இல்லாத கேள்வி ஒன்றைக் கொஞ்சலாகப் போட்டார். “குட். அப்போ சூரியன் எங்கே இருக்கு?”

யுவஸ்ரீ நீட்டிய கையை இறக்காமல் பலகையைப் பார்த்தாள். அங்கே சூரியன் இல்லை. டியூப் லைட்டும் இல்லை. அவளுடைய நிழல்தான் இருந்தது. இன்னொரு கையால் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டு அப்பாவைத் தேடினாள்.

“அப்பா, முதுகு சுடுது.”

யாரோ சிரித்தார்கள். சிவராஜ் மைக்கைப் பொத்திக்கொண்டு, “போர்டப் பாத்துச் சொல்லும்மா, போர்டப் பாத்து,” என்றார். பிள்ளை அழவில்லை. பொறுமையாக, விவரம் கேட்கிற குரலில் கேட்டாள்.

“இப்ப நாம எங்கப்பா இருக்கோம்?”

ஸ்கூலில் என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. சென்றாயன் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். பிள்ளையின் பின்கழுத்து சிவந்திருந்தது கண்ணில் பட்டது. பக்கத்தில் முனிலட்சுமி அவனைப் பார்க்கவேயில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திரும்பிப் பாரு, பாப்பா,” என்றான்.

யுவஸ்ரீ திரும்பினாள். மறுவேலை பெஞ்சின் மற்ற இரண்டு பேரும் திரும்பினார்கள். பிறகு, என்ன ஏது என்று தெரியாமல், மொத்த வரிசையும் திரும்பியது. வெயில் முகத்தில் அடித்ததும் முப்பத்தேழு பேரும் கண்ணைச் சுருக்கினார்கள். மாதேஷ் மட்டும், “ஹேய், டியூப் லைட்டு!” என்று கூவினான்.

“போச்சு,” என்றாள் முனிலட்சுமி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதினைந்து நாளில் ஆடிட் அறிக்கை வந்தது. முப்பத்தேழு பிள்ளைகளும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், ஒருவர் விடாமல் திரும்பியது மெச்சத்தக்க சீர்மை என்றும், இதை ஆண்டுதோறும் நடத்தலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. பள்ளிக்குத் தரச் சான்று கிடைத்தது. சிவராஜ் வாசலில் பேனர் வைத்தார். சூரியனைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தையும் இல்லை. அது பட்டியலில் இல்லாத அம்சம்.

யுவஸ்ரீயின் குறைபாடு மட்டும் தீர்வாகாமல் நின்றது. அதைத் தீர்க்கக் கையேட்டில் ஒரே வழிதான் இருந்தது: மாற்றுச் சான்றிதழ். சென்றாயன் நிரந்தர ராத்திரி ஷிப்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, சிவராஜின் அறையில் சான்றிதழை வாங்கிக்கொள்ள நின்றான். முனிலட்சுமி பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள்; பகலில் பிள்ளையோடு அவன் இருப்பான். தூக்கம் எப்போது என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, பார்க்கலாம் சார் என்றிருந்தான்.

“தப்பா நெனைக்காத,” என்றார் சிவராஜ், கையெழுத்துப் போட்டபடி. “தனிப்பட்ட முறையில எனக்குப் பாப்பா மேல கோபம் இல்ல. பேரன்ட்ஸ் சரியா அமையல, அவ்வளவுதான்.”

வெளியே வந்ததும் முனிலட்சுமி சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டாள். விலகும் காரணம் என்ற இடத்தில், “சூரியனைப் பார்த்தது” என்று பிரியதர்ஷினி மிஸ்ஸின் குண்டுக் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, நடத்தை.

“என்னாம்மா போட்டிருக்குது?” என்று யுவஸ்ரீ எட்டிப் பார்த்தாள்.

முனிலட்சுமி விரல் வைத்துப் படித்தாள். “நன்று. ஆனால், சொன்னால் திரும்பும்.”

இன்னொரு முறை தனக்குள் படித்துப் பார்த்துவிட்டு, தாளை மடிக்காமல் சென்றாயனிடம் நீட்டினாள்.

“கசங்காமப் புடி. பஸ் ஸ்டாண்டாண்ட லேமினேஷன் போட்டுக்கலாம்.”